தெற்குச் சுவரின் தொப்பை

என் அருமை பாவாவுக்கு,

போன இடத்தில் சுவரெல்லாம் நேராக இருக்கிறதா? இல்லையென்றால் அங்கேயும் நீங்கள்தான் திட்டு வாங்குவீர்களே என்று கவலையாக இருக்கிறது.

இங்கே திருத்தணியில் உங்கள் வீட்டுக்குப் புதுத் தரை போட்டாயிற்று. சுவரின் அடியில், தரையை ஒட்டி நீளமாக மரப்பலகை அடிக்க அக்காவுக்கு ஆசை. ஸ்கர்ட்டிங் என்கிறார்கள். ஆசாரி எதற்கு, தம்பி நானிருக்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். வீடியோ பார்த்தே தச்சனானவன் நான். நீங்கள் போன பிறகு வந்த வியாதி இது.

மூன்று சுவர் முடிந்தது. நாலாவது, கூடத்துத் தெற்குச் சுவர். நீங்களே கட்டியது. பலகையை வைத்தால் நடுவில் மட்டும் ஒட்டுகிறது, இரண்டு பக்கமும் விரல் நுழைகிற சந்து. பல்லி குடும்பத்தோடு குடியேறலாம்.

அக்கா இடுப்பில் கை வைத்து ஆரம்பித்தாள். "ஊருக்கெல்லாம் நேரா கட்டிக் குடுத்த மேஸ்திரி, எனக்குக் கட்டுனதுல மட்டும் தொப்ப வச்சிட்டுப் போயிட்டாரு. இத்த இடிச்சிட்டு வேற கட்டப்போறேன்."

இருபது வருஷமாக நீங்கள் கேட்ட அதே வசனம்தான். கேட்டுவிட்டுப் பேசாமல் காபியை உறிஞ்சுவீர்கள். உண்மையை ஏன் சொல்லவில்லை, பாவா?

இந்தச் சுவரை நீங்கள் எழுப்பிய அன்று ஆடிக் கிருத்திகை. ஆட்கள் யாரும் வராததால், செங்கல் வரிசை பிசகாமலிருக்க இழுத்துக் கட்டும் நூலின் ஒரு முனையை என் கையில் கொடுத்தீர்கள். விறைப்பாகப் பிடிப்பது மட்டும்தான் என் வேலை. நான் தெருவில் போன காவடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நூலு டைட்டா கீதா மச்சான்?"

"ஆங், கீது பாவா."

நூல் தொய்ந்து கிடந்தது. செங்கல் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. பூச்சு வேலையன்று நீங்கள் கண்டுபிடித்தீர்கள். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள், அவ்வளவுதான்.

சுவரை இடிக்கிறேன் என்றதும் எனக்குத் தாங்கவில்லை. பலகையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஓட வசதியாக வாசல் பக்கம்தான் நின்றேன். அவள் கத்தவில்லை. கீழே உட்கார்ந்து அந்தப் புடைப்பைத் தடவினாள்.

"கடைசி வரிக்கும் அந்த மனுசன ஏசிகினே இருந்தனேடா."

பிறகு எழுந்து, "செவுரு அப்டியே இருக்கட்டும். நீ பலகைய வளைடா" என்றாள்.

பலகையின் பின்பக்கம் பாதி ஆழத்துக்கு நெருக்க நெருக்கமாக ரம்பத்தால் கீறி, வளைத்து அடித்தேன். இரண்டு முறிந்தன. மூன்றாவது உங்கள் சுவரை அணைத்தபடி உட்கார்ந்துவிட்டது. இப்போது காகிதம்கூட நுழையாது.

அக்கா இப்போது பால்காரர் வரைக்கும் எல்லோரையும் கூப்பிட்டு, சுவரைக் காட்டி என் பெயரைச் சொல்கிறாள். சொல்லட்டும். அவள் திட்டி முடிக்கும்வரை காபியை உறிஞ்சிக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பேன். என் வாய்க்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு, பாவா.

நூலைத் தொய்யவிட்ட,
உங்கள் மச்சான்