மப்ளரின் சொந்தக்காரர்

கோடைக்கானல், 1961

நம்ம மகளோட அத்தாவுக்குச் சலாம்.

இந்த வயசுல ஒனக்கெதுக்கு இங்கிலீசுன்னு கோவிச்சுக்கிட்டுப் பழனிக்கு எறங்கிப் போயிட்டீங்க. தம்பி வீட்டுச் சோறு எப்படிங்க இருக்கு? தம்பி பொஞ்சாதி உப்புப் போடுறாளா?

நீங்க பயந்த மாதிரி இங்கிலீசுப் பாடத்துல புஸ்தகமே கெடையாதுங்க. சீசனுக்கு வர்றவுககிட்ட பழம் விக்கிற பொம்பளைங்கதான் படிக்கிறோம். வீட்டுல இருந்து ஒரு பொருளைக் கொண்டுபோய்க் காட்டினா, பாடம் நடத்துற வெள்ளைக்காரம்மா அதுக்கு இங்கிலீசுல பேரு சொல்லித் தருவாங்க. பேரிக்காய், கரண்டி, குடை எல்லாம் ஆச்சு. பக்கத்துக் கடை ஆசியா உசுரோட கோழியைக் கொண்டாந்துட்டா. அன்னைக்குப் பாடம் பூரா அதைப் பிடிக்கிறதுலயே போச்சு.

நேத்து ஆணியில தொங்குன ஒங்க மப்ளரைக் கொண்டுபோனேன். அந்தம்மா பேரைச் சொல்லிட்டு, இது யாரோடதுன்னு கேட்டாங்க. வீட்டுக்காரர்ங்கிறதை இங்கிலீசுல சொல்லத் தெரியாம முழிச்சேன். "ஆளைக் கூட்டிட்டு வா, சொல்லித் தர்றேன்"னு அவங்களுக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொல்லிச் சிரிச்சாங்க. எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சு வச்சேன். வீட்டுக்கு வந்த பெறகு சிரிப்பு வரலை.

மறுபடி சனிக்கிழமை பாடம். வெள்ளிக்கிழமையே வெரசா பஸ் ஏறிடுங்க. அங்க வந்து நீங்க ஒரு வார்த்தை பேச வேணாம். சும்மா என் பக்கத்துல நின்னாப் போதும்.

இப்படிக்கு,
ஒங்க மகளோட அம்மா