மலைக்கு வீடு காணப் போனது

மச்சான்,

போன வாரம் எனக்கு நேர்ந்த மானக்கேட்டை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பங்குனி வெயில், உச்சிப்பொழுது. குடை தேடி அலமாரியின் மேல்தட்டைத் துழாவினேன். குடைக்குப் பதிலாக உங்கள் கம்பளிக் குல்லா மூக்கில் வந்து விழுந்தது. கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரியுமே, அந்தக் குரங்குக் குல்லா. பாச்சை உருண்டை வாசனைக்கு அடியில் உங்கள் புகைப்புரையின் வாசனை இன்னும் ஒட்டிக் கிடந்தது. ரப்பர் ஷீட் புகையில் காயும்போது வருமே, பாதி புளிப்பும் பாதி கரியுமாக, அது. முகர்ந்த பிறகு கை சும்மா இருக்குமா? தலையில் மாட்டிவிட்டேன். உங்கள் தங்கை அதை எப்போதோ வெந்நீரில் அலசியிருக்கிறாள் போல. கீழே இறங்கிய குல்லா மேலே ஏற மறுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் சபையின் பெண்கள் சங்கத்தார், கன்வென்ஷன் பந்தலுக்கு நன்கொடை கேட்டு. என் உடம்பில் சட்டையில்லை. இடுப்பில் கைலி, கழுத்துக்கு மேலே கம்பளி. எல்லாருக்கும் மூத்த டீச்சரம்மா பதறிப்போய், "ஐயோ, காய்ச்சலாக்குமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து உங்கள் தங்கை குரல் கொடுத்தாள்: "காய்ச்சல் ஒண்ணும் இல்லே டீச்சர். அவியளுக்கு மூணாறு வந்திருக்கு."

அவள் சொன்னது சரிதான். வியர்வை வழிய நின்ற எனக்கு அந்த மாசி மாதத்துக் குளிர் வந்துவிட்டிருந்தது.

ஷீபா, என் ஒரே மகள், உங்கள் செல்ல மருமகள், விலங்கியல் படித்து முடித்திருந்த நேரம். அவளுக்கு நான் பக்கத்து ஊரில் ஒரு டீச்சர் வேலையும் அதற்கடுத்த ஊரில் ஒரு மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்தேன், இரண்டும் என் மனசுக்குள். அவளோ யாரிடமும் சொல்லாமல் எழுதிப் போட்டு, இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு கணக்கெடுக்கிற குழுவில் வேலை வாங்கிவிட்டாள். ஆனைமுடிப் பக்கம், மலைமேலேயே தங்கி, இரண்டு வருடம்.

நான் பத்தாம் வகுப்பின் வாசல்வரை இரண்டு தடவை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவன். எனக்குத் தெரிந்த அறிவை வைத்து, "ஆடு எண்ணுயதுக்கு எதுக்கு டிகிரி? நம்ம கூட்டுல மூணு நிக்கு. காலத்தயும் வைகிட்டும் அதை எண்ணட்டு" என்றேன். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. "அப்பா, எனக்குப் போணும்" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு முற்றம் பெருக்கப் போனாள். அந்த ஒரு தடவைதான் என்னைப் பயமுறுத்தியது. நான் யானை என்றேன், அட்டை என்றேன், குளிர் என்றேன், நாளைக்கு யார் கட்டுவான் என்றேன். உங்கள் தங்கை எனக்காகவும் அழுதாள், அவளுக்காகவும் அழுதாள்.

கடைசியில் தாய்மாமன் என்று உங்களைக் கூப்பிட்டோம். நீங்கள் ஒரு முறை முகம் சுளித்தால் போதும், காரியம் முடிந்தது என்பது என் கணக்கு. நீங்கள் ஷீட் அடிக்கிற ரோலரை விட்டுவிட்டு எண்ணெய்க் கையோடு வந்தீர்கள். ஷீபாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டீர்கள்.

"மாப்ளே, இவளை ஒரு பையனுக்குக் குடுக்கணும்னா நீரு முதல்ல என்ன செய்வீரு?"

"வீடு காணப் போவேன்."

"அப்ப மலைக்க வீட்டையும் போய்க் காணுவோம். பிடிச்சா விடுவோம். பிடிக்கலேன்னா பெண்ணைக் கூட்டிட்டு அடுத்த பஸ்ஸுல திரும்புவோம். தாய்மாமன் நானாக்கும் சொல்லுயேன்."

எனக்கு இது பிடித்துப்போனது. வீடு காணல் என்றால் சும்மாவா? கிணற்றில் வெள்ளம் வற்றுமா, கூரை ஒழுகுமா, பையனுக்க அப்பன் சாயங்காலம் எங்கே போவான் என்று துருவித் துருவிக் கேட்கலாம். பிடிக்கவில்லையென்றால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடலாம், யாரும் குறை சொல்ல முடியாது. அங்கே தருவதைக் குடித்துக் கை நனைத்தால்தான் சம்மதம். ஒரு மலையில் குறை கண்டுபிடிப்பதா எனக்குக் கஷ்டம்?

மாசியில் ரப்பர் இலையுதிர்த்து நிற்கும், பால்வெட்டு கிடையாது. நம் இருவருக்கும் வருடத்தில் ஓய்வென்று இருப்பது அந்த மாதம்தான். வேலையில் சேரச் சொன்னதும் மாசியில். எல்லாம் கூடி வந்ததாக நினைத்தோம். முறை தவறக்கூடாதென்று உங்கள் பறம்பிலிருந்து ஒரு ஏத்தன் வாழைக்குலையை வெட்டித் தூக்கிக்கொண்டீர்கள். திருவனந்தபுரத்தில் டிரான்ஸ்போர்ட் பஸ் கண்டக்டர், "குலைக்கு வேறே டிக்கெட் வேணம் சேட்டா" என்றபோது, "அதினெ ஞான் மடியில் இருத்திக்கோளாம்" என்று சொல்லி, மூணாறுவரை குழந்தை மாதிரி மடியிலேயே வைத்திருந்தீர்கள்.

மூணாற்றிலிருந்து ஜீப் பிடித்துப் பூங்கா வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். எதிரே ஒன்றுமே தெரியவில்லை. மூடுபனி. பாதையின் குறுக்கே ஒரு மரக்கட்டை, அதன் பக்கத்தில் ஒரு காவலாளி, அவ்வளவுதான் மலை. தேயிலைத் தோட்டத்துத் தமிழர் அவர்.

"உள்ள போக முடியாதுங்கய்யா. ஆடு குட்டி போடுற நேரம். மாசி, பங்குனியில யாரையும் விடுறதில்ல."

"யாரையும்னா ஊரானை. நாங்க பெண்ணுக்க வீட்டுக்காரங்களாக்கும்" என்றீர்கள்.

அவருக்கு விளங்கவில்லை. ஷீபாவைக் காட்டி விளக்கினீர்கள். "ஓ, இந்தத் தங்கச்சியா? மேடம் சொல்லியிருக்காங்க. தங்கச்சி போலாம். நீங்க ரெண்டு பேரும் கட்டைக்கு இந்தப் பக்கம்தாங்க."

"இது எந்த ஊரு வழக்கம்? பெண்ணு மட்டும் வீட்டுக்குள்ளே, அவளுக்க அப்பனும் மாமனும் வாசல்லயா?"

"வழக்கம் ஆட்டோடதுங்க. ஆளைக் கண்டு தாய் ஆடு மிரண்டு ஓடிச்சின்னா குட்டி தனியா நின்னுரும்."

அப்போதுதான் நம் மண்டையில் உறைத்தது. ரப்பர் இலையுதிர்த்து நமக்கு ஓய்வு கிடைக்கிற அதே மாதம்தான் வரையாட்டுக்குப் பேறுகாலம். ஆனைமுடிக்கு ரப்பர்க்காரன் வேண்டாம் என்று யாரோ மேலே உட்கார்ந்து தீர்மானித்தது மாதிரி. நீங்கள் விடவில்லை. உள்ளே போகாவிட்டால் என்ன, விசாரணை நடக்கட்டும் என்று ஆரம்பித்தீர்கள்.

"குடிக்க வெள்ளம் எப்படி?"

"ஓடைத் தண்ணிங்க. வத்தாது."

"தங்குய இடத்துக்கு உள்தாழ்ப்பா உண்டா?"

"உண்டுங்க. யானை வந்தா அதுக்குத் தாழ்ப்பாள் எல்லாம் தெரியாது."

"குடிக்கிற ஆளுவ உண்டா?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். "கிறிஸ்மஸுக்கு மட்டும் கொஞ்சம்..."

"எலே, உன்னைக் கேக்கல்லே. பொதுவாட்டு கேட்டேன்!"

அவர் வெட்கத்தோடு உள்ளே போய் நமக்குப் பால் விடாத கட்டன் சாயா கொண்டு வந்தார். ஷீபா வாங்கியதும் ஊதிக் குடித்துவிட்டாள். நான் தம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றேன். நீங்களும் நின்றீர்கள். கட்டைக்கு அந்தப் பக்கம் அவளைக் கூட்டிப் போக ஒரு ஜீப் வந்து உறுமிக்கொண்டிருந்தது. குழுவின் தலைவியான மேடம் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், வீடே காணல்லியே" என்றேன் மெதுவாக. "வெறும் புகையாட்டு கெடக்கு. இன்னைக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். பின்ன ஒரு நாள் பாப்போம்."

பின்ன ஒரு நாள் என்று ஒன்று கிடையாது. அன்று திரும்பினால் அந்த வேலை அடுத்த ஆளுக்கு. உங்களுக்கும் அது தெரியும். நீங்கள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அப்பன் நீராக்கும். நீரு குடிக்காம மாமன் குடிக்க மாட்டான்" என்று சொல்லித் தம்ளரை நெஞ்சோடு வைத்துக்கொண்டீர்கள்.

அப்போது பனி ஓர் ஓரத்தில் விலகியது. கூர்மையாக ஒரு சிகரம் எழுந்து நின்றது. நம்மூர்ப் பாறையில் ஏறி வடகிழக்கே அகத்தியர்கூடத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு மலையென்றால் கூர்தானே? "ஆனைமுடி! அந்தா ஆனைமுடி!" என்று கத்திவிட்டேன்.

ஷீபா அங்கே வந்து முதல்முறையாகச் சிரித்தாள். "அப்பா, அது இல்லே. அதுக்க இடப்பக்கம் பாருங்க. பரந்து, கறுத்த பாறையாட்டு இருக்குல்லா, அதாக்கும்."

பார்த்தேன். கூரும் இல்லை, கொம்பும் இல்லை. மேகத்துக்குள் தலையை நுழைத்து, நனைந்த கறுப்பில் அகலமாக நின்றது. "இதுக்கா இவ்வளவு பேரு? மொட்டையாட்டு இருக்கு" என்றேன்.

"ஆனைக்கு எங்கவே கூரு? நெத்தியாக்கும் அது" என்றீர்கள்.

சரிவில் ஏதோ அசைந்தது. காவலாளி விரல் நீட்டினார். "தாயும் குட்டியுங்க. இப்பத்தான் போட்டிருக்கும்." கால் வைக்க இடமில்லாத பாறையில் தாய் முன்னால் போக, கையளவு குட்டி ஒன்று வழுக்கி, நின்று, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "எங்க ஊருல ஆடு குட்டி போட்டா சாக்குல பொதிஞ்சு அடுப்படியில கெடத்துவோம். காத்து படவே விடமாட்டோம்."

"இங்க அடுப்படி இல்லைங்களே" என்றார் அவர்.

நான் ஷீபாவைத் திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு ஆசைப்பட்டு வந்தவள் மலையைப் பார்க்கவில்லை, மச்சான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் கையிலிருந்த தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் நம் வழக்கம் தெரியும்தானே.

குடித்தேன். பச்சைத் தண்ணீராக ஆறிப்போயிருந்தது, சீனியும் இல்லை. ஒரே மடக்கு. நீங்களும் குடித்தீர்கள். குடித்த கையோடு, "அப்ப குலையை ஜீப்புல ஏத்துங்கடே! பெண்ணு வெறுங்கையோட போகப்பிடாது" என்று ஒரு கல்யாண வீட்டுச் சத்தம் போட்டீர்கள். ஷீபா கட்டைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். எனக்குத் தாடை ஆடியது. நீங்கள் உங்கள் குல்லாவைக் கழற்றி என் தலையில் மாட்டி, "குளிராக்கும் மக்கா, வேறொண்ணும் இல்லே, நீ போ" என்று அவளிடம் சொன்னீர்கள்.

இரண்டு வருடம் என்று போனவள் அதோடு நிற்கவில்லை. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இன்று அவள்தான் பாதை காட்டுகிறாள். என் பெருமையைக் கேட்க வேண்டுமா? ரப்பர்க் கடையிலும் சவரக் கடையிலும் நான் அளந்த அளப்பில், காரோடு ஊரிலிருந்து மீன் கொண்டுவருகிற அக்காகூட என்னை "ஆனைமுடிக்க அப்பா" என்றுதான் கூப்பிடுகிறாள். ஒரு மத்தி கூடுதலாகப் போடுவதில்லை, அது வேறு விஷயம்.

ஒவ்வொரு மாசியிலும் நாம் கிளம்பலாம் என்று பேசுவோம், ஆட்டின் பேறுகாலம் நினைவுக்கு வரும், சிரிப்போம். மற்ற மாதங்களில் வெட்டு. விலை ஏறிக் கிடந்த வருடங்களில் யார் கத்தியைக் கீழே வைப்பார்? "ரப்பரும் வரையாடும் நமக்கு எதிராட்டு பேசி வச்சிருக்கு மாப்ளே" என்பீர்கள். போன ஆனி மழையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "இந்தப் புரட்டாசிக்குக் கத்தியைத் தூக்கிப் போட்டுட்டுப் போவோம். பாலு மரத்துலதானே கெடக்கு, எங்கோட்டு ஓடப்போகுது?" என்றீர்கள். ஆடியில் போய்விட்டீர்கள்.

புரட்டாசியில் நான் கத்தியைத் தூக்கிப் போட்டேன், மச்சான். உங்கள் தங்கையையும் கூட்டிக்கொண்டு போனேன். ஷீபா வாசலில் நின்றிருந்தாள். கட்டையைத் தூக்கினார்கள். பூங்காவுக்குள்ளே ராஜமலைப் பாதையின் வளைவுகளில் அவள் நடக்க, நாங்கள் மூச்சு வாங்கிப் பின்னால் போனோம். அன்று துளி மேகமில்லை. ஆனைமுடியின் நெற்றியில் வெயில் அடித்தது. பின்வரிசையில் மலைக்குப் பின் மலையாக நீலம் வெளிறிக்கொண்டே போனது. குமரிக்கல், காட்டுமலை, தேவிமலை என்று அவள் பேர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். வரிசை தவறினால் அதட்டினாள். இப்போதும் விடியற்காலை வெட்டுக்குப் போகும்போது ஒரு மரத்துக்கு ஒரு மலை என்று சொல்லிக்கொண்டே போகிறேன். மலை தீர்ந்துவிடும், மரம் தீராது. மறுபடி ஆனைமுடியிலிருந்து தொடங்குவேன்.

திரும்பும் நேரம் ஷீபா கேட்டாள்: "மாமா இஞ்ச நின்னிருந்தா என்னப்பா சொல்லியிருப்பாவ?"

"குலை கொண்டு வந்தீரா மாப்ளேன்னு கேட்டிருப்பாவ" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

எனக்குத் தெரியும், நீங்கள் அதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். சுற்றிலும் ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு, நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். அது என் நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் நீங்கள் இல்லாமல் அதை உரக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை:

நல்ல இடத்துலதான் குடுத்திருக்கோம், மச்சான்.