திரையில் இரண்டு வழி

இல்லை பாய், குரங்கின் மேல் பழி போட்டு என்னைக் காப்பாற்றாதே. நம் ஊர்க் கோட்டைக் குரங்கு கேபிளைக் கடித்தது உண்மைதான். ஆனால் கடைத்தெரு முழுக்க இன்டர்நெட் படுத்ததற்குக் காரணம் நான். கடிபட்ட இரண்டு துண்டுகளும் இதோ என் மடியில் கிடக்கின்றன. நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. இன்றாவது சொல்லிவிடுகிறேன்.

அறுபது வயதில் நீ கம்ப்யூட்டரில் நெட்வொர்க் கட்டக் கற்றுக்கொண்டாய். நிஜப் பெட்டி இல்லை, நிஜ ஒயர் இல்லை, எல்லாம் திரையில். உன் கேபிளுக்காக ஏணி ஏறியே முட்டி தேய்ந்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா பாய், சொப்பு வச்சி விளையாடுறியா? சோறு வெந்துடுச்சா?"

"கிண்டல் பண்ணாதய்யா. பாரு, இந்த ஒயர அறுக்கறேன்."

நீ ஒயர்க் கோடு ஒன்றை அழித்தாய். திரையில் போய்க்கொண்டிருந்த சின்னக் கடித உறை கொஞ்சம் தவித்தது. பிறகு வேறு வழியாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்தது. நீ கைதட்டினாய். மறுநாளிலிருந்து நானும் பக்கத்தில் ஸ்டூல் போட்டேன். ஐந்தாவதோடு நின்றவன், மௌஸால் ஒயர் இழுத்தேன். சிவப்புப் புள்ளி பச்சையானால் எனக்கும் குஷிதான். உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை.

"இதுல இருக்கிற மாதிரியே நெசத்துலயும் இழுத்துடு. ஒண்ணு கடைத்தெரு, ஒண்ணு பின்சந்து. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும்" என்றாய்.

பின்சந்தில் கம்பம் கிடையாது, மாடி மாடியாக ஏறி இறங்க வேண்டும். சோம்பல்பட்டு இரண்டையும் கடைத்தெருக் கம்பங்களிலேயே சேர்த்துக் கட்டிவிட்டேன். நீ வந்து ஒரு முனையைப் பிடுங்கிப் பார்த்தாய். பச்சை விளக்கு அணையவில்லை. "கில்லாடிய்யா நீ!" என்று முதுகில் தட்டினாய். தட்டிய இடம் இன்னும் எரிகிறது.

நேற்று குரங்கு இரண்டையும் ஒரே இடத்தில் கடித்தது. "பாய் கம்ப்யூட்டர்ல பொம்ம போட்டாரு, இப்ப நாம அனுபவிக்கிறோம்" என்றார் பாத்திரக் கடைக்காரர். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "பாய் போட்டது சரிதாங்க. நான்தான் ஏமாத்திட்டேன்" என்று கடை கடையாகப் போய்ச் சொன்னேன். இன்று காலை இரண்டாவது ஒயரோடு பின்சந்தில் மாடி ஏறினேன்.

ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று, நீ இருந்தபோது உனக்குத்தான் சொல்லவில்லை. ஒருமுறை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆரம்பித்தேன்.

"பாய், அந்தப் பின்சந்து ஒயரு இருக்குதே..."

"இன்னா, பத்தலியா? நாளைக்கு வாங்கிக்கலாம். அவலூர்பேட்டை பஸ்ஸு வந்துடுச்சி."

"அது இல்ல பாய், நான் அத அங்க..."

நீ கிளாஸை வைத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்துவிட்டாய்.