கிர்ஸ்டனின் அப்பா நிறுத்திய முள்

மார்ச் 9, ஞாயிறு. ஓகூஸ் நகரம்.

மேல்மாடியில் இருக்கும் கிர்ஸ்டன் இன்று தன் அப்பாவின் பதக்கங்களைக் காட்டினார். இரண்டாம் உலகப் போரில் அந்த அப்பா ஆங்கிலேய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் தளபதி. அதற்கு முன் கல்லூரியில் பேர்பெற்ற ஓட்டக்காரர். பதக்கங்களைவிடப் பக்கத்திலிருந்த நிறுத்தற்கடிகாரம்தான் என்னை இழுத்தது. ஓட்டப் பயிற்சிக்கு வாங்கியதாம். பிறகு போரில் டோர்பிடோ என்ற நீரடிக் குண்டை ஏவிவிட்டு, அது வெடிக்கும்வரை நேரம் பார்த்ததும் அதிலேதானாம்.

கையில் எடுத்தேன். ஊரில் ஆசிரியராக இருந்தபோது பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் நேரம் பார்த்த பழைய பழக்கத்தில் பெருவிரல் தானாக அழுத்திவிட்டது. நின்றிருந்த முள் பூச்சியத்துக்குப் போய்விட்டது. கிர்ஸ்டனின் முகம் மாறியது.

"அது அப்பா கடைசியாக நிறுத்திய இடமா?" என்று பயந்து கேட்டேன்.

"இல்லை, இல்லை. காலையில் நான் முட்டை அவித்த நேரம்" என்று சிரித்தார்.

நிம்மதியோடு இறங்கி வந்து மனைவியிடம் சொன்னேன்.

"அவ முட்டை தொடமாட்டா எல்லே? நான் குடுத்த கேக்கையே முட்டை எண்டு திருப்பித் தந்தவ. மாஸ்டருக்குக் கை சும்மா இராதே?"

அழுத்துமுன் நான் முள்ளைப் பார்த்திருந்தேன். ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்னால் நின்றது. கால் மைல் ஓட்டத்துக்கும் பொருந்தும், டோர்பிடோவுக்கும் பொருந்தும். எது என்று அறிய மனம் துடிக்கிறது. அதே இடத்தில் முள்ளைத் திரும்ப நிறுத்திக் கொடுக்கவும் என்னால் முடியும். ஆனால் அதற்கு, அவர் எனக்காகச் சொன்ன பொய் எனக்குத் தெரியும் என்று முதலில் சொல்லவேண்டும்.