சேணம் என்னுடையது

வெள்ளிக்கிழமை, இரவு

குதிரையை நானும் என் மனைவியின் தம்பி செல்வமும் பாதிப் பாதி காசு போட்டு வாங்கினோம். நுவரெலியா ஏரிக்கரையில் சனி, ஞாயிறுதான் சவாரிக்குக் கூட்டம் வரும். அந்த இரண்டு நாளையும் வாரம் மாற்றி வாரம் எடுப்பதாகப் பேச்சு. ஒரு மாதமாக அவனே எடுக்கிறான். தீனிக் காசில் மட்டும் என் பாதியைத் தவறாமல் வாங்கிவிடுகிறான்.

இந்த வாரம் என் முறை என்று இன்று சொன்னேன்.

"ஒங்களுக்குத்தான் அஞ்சு நாள் இருக்கே மச்சான். எனக்கு ரெண்டே நாளு," என்றான், சிரித்துக்கொண்டே.

இந்த வாரம் அந்த ஐந்து நாளும் மழை. மழையில் எவன் குதிரை ஏறுவான்?

குதிரையில்தான் அவனுக்குப் பாதி. சேணம் முழுக்க என் காசு. அதைக் கழற்றி வந்து கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். விடிந்ததும் தேடி வருவான். அவன் அக்காள் தேத்தண்ணீர் ஊற்றட்டும். நான் கட்டிலை விட்டு எழும்பப் போவதில்லை.