நாடி நூற்றுப் பன்னிரண்டு

மார்ச் 3, திங்கள்

விமானிப் பயிற்சியின் கால் பலச் சோதனையில் மறுபடியும் கோட்டை விட்டேன். எடையைத் தோளில் வைத்துப் பத்து முறை உட்கார்ந்து எழ வேண்டும். எட்டாவதில் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. விமானம் சட்டென்று திரும்பும்போது ரத்தம் தலையை விட்டுக் காலுக்கு இறங்கும், தொடையையும் வயிற்றையும் இறுக்கினால்தான் கண் இருட்டாது, அதற்குத்தான் இந்தச் சோதனை. எல்லாம் எனக்குத் தெரிகிறது. என் தொடைக்குத்தான் தெரியவில்லை.

சோதனையில் தேறாமல் சோலோ இல்லை. மாதக் கடைசிக்குள் சோலோ, அதாவது பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் தனியாக ஒரு சுற்று, போகாதவனை அடுத்த பேட்சுக்குத் தள்ளிவிடுவார்கள்.

அத்தானிடம் போனில் புலம்பினேன். அக்காவைக் கட்டுவதற்கு முன்பிருந்தே ஜிம் நடத்துகிறவர். "கவலைய விடு மச்சான், நான் ஒண்ணு அனுப்புறேன்" என்றார்.

மார்ச் 6, வியாழன்

டப்பா வந்துவிட்டது. மேலே ஒரு சிங்கம் பல்லைக் காட்டுகிறது. உள்ளே பவுடர், உடற்பயிற்சிக்கு முன் ஒரு கரண்டி. தண்ணீரில் கலந்தால் பாத்ரூம் கழுவுகிற நீலம். இருபது நிமிடத்தில் காது மடலில் எறும்பு ஊர்ந்தது. பன்னிரண்டு முறை எழுந்தேன். என் அறைத்தோழனை ஒட்டகம் என்போம், கட்டிலில் கால் அடங்காத உயரம். "உள்ள என்னடா மோட்டார் மாட்டிருக்கே?" என்று சுற்றிவந்து பார்த்தான்.

அத்தான் வாழ்க.

மார்ச் 10, திங்கள்

சோதனையில் தேறினேன். இனி டப்பாவை மூடிவிடலாம். ஆனால் காலை ஐந்து மணிக்கு அது இல்லாமல் எழ முடியவில்லை. இன்றைக்கு ஒன்றரைக் கரண்டி.

மார்ச் 11, செவ்வாய்

எரிச்சலாக வருகிறது.

பறப்பதற்கு முன் சிஸ்டர் நாடி பார்ப்பார். நூறைத் தாண்டினால் பத்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பார்ப்பார். அப்போதும் தாண்டினால் அன்றைக்குப் பறக்க முடியாது. எனக்கு நூற்றுப் பன்னிரண்டு. பத்து நிமிடம் கழித்து நூற்றுப் பத்து. அவ்வளவுதான், ஓய்வறையில் உட்கார்ந்து மற்றவர்கள் பறப்பதை ஜன்னலில் பார்த்தேன்.

சார் வந்தார். மூன்று மாதமாக எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவர். "மேல போகணும்னாலே வயித்தக் கலக்குதா?" என்றார்.

"இல்ல சார்."

"பின்ன ஏன் இப்படி அடிச்சுக்குது?"

பதில் தெரியும். சொல்லவில்லை. தினமும் காலையில் ஒரு தாள் தருகிறார்கள்: மருந்து, மாத்திரை, வேறு ஏதாவது உட்கொண்டீர்களா? ஆறாம் தேதியிலிருந்து 'இல்லை' என்றே எழுதுகிறேன். பவுடர் மருந்தில்லையே. ஜிம்மில் எல்லாரும் குடிப்பது. 'வேறு ஏதாவது' என்றால் என்ன என்று விளக்கமாகப் போட வேண்டியதுதானே? — சரி. எனக்கே தெரிகிறது, இது சப்பைக்கட்டு.

மார்ச் 13, வியாழன்

நூற்றெட்டு. மறுபடியும் ரத்து. சாப்பாட்டுக் கூடத்தில் எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது: டமாரம். நான் தட்டோடு நுழைந்தால் நாலு பேர் மேசையைத் தட்டுகிறார்கள்.

எனக்குப் பயமே இல்லை. இதை யாரிடம் போய் நிரூபிப்பது?

மார்ச் 14, வெள்ளி

ஒட்டகம் சோலோ முடித்துவிட்டான். சோலோ போய் இறங்கியவன் தலையில் அறைத்தோழன் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்ற வேண்டும், இங்கே அதுதான் வழக்கம். நான்தான் ஊற்றினேன். பல்லை இளித்துக்கொண்டு ஊற்றினேன். வயிறு எரிந்தது. அவன் நல்லவன், அவன் மேல் என்ன கோபம்? இருந்தாலும் எரிந்தது.

மார்ச் 15, சனி

பவுடர் குடிக்காமல் இருந்து பார்த்தேன். பத்து மணிக்குள் மண்டை பிளந்தது. மதியம் கை தானாக டப்பாவைத் திறந்துவிட்டது. இதுதான் உண்மையில் என்னைப் பயமுறுத்தியது.

முதல் முறையாக லேபிளை முழுதாகப் படித்தேன். இத்தனை நாள் படிக்காதது என் மடத்தனம். விமானத்தில் ஏறும் முன் நாற்பது விஷயத்தைத் தொட்டுத் தொட்டுச் சரிபார்க்கிறேன். வாயில் போடுவதைப் பார்க்கவில்லை. பதினோரு பெயர்கள், பக்கத்தில் 'சிறப்புக் கலவை'. எது எவ்வளவு என்று ஒன்றுக்கும் இல்லை.

அத்தானைக் கேட்டேன். "அது கம்பெனி ரகசியம் மச்சான், யாரும் போட மாட்டாங்க."

"உங்களுக்காவது தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நல்லா விக்குது."

நல்லா விக்குதாம். கோபத்தில் அக்காவிடம்கூடப் பேசாமல் போனை வைத்துவிட்டேன். ஆனால் அத்தானா என் வாயைத் திறந்து ஊற்றினார்?

சொன்னால், தாளில் பொய் எழுதியவன். சொல்லாவிட்டால், பயந்தாங்கொள்ளி. எதைத் தேர்ந்தெடுப்பது? திங்கட்கிழமை காலை மட்டும் குடிக்காமல் போய் நாடியைச் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

சமாளிக்க முடியவில்லை. மண்டைவலி தாங்காமல் அரைக் கரண்டி, 'அரைதானே' என்று. நூற்றுநாலு.

மூன்றாவது முறை என்பதால் சார் பதிவேட்டில் எழுதினார். மேசைக்கு எதிரில் நின்று தலைகீழாகப் படித்தேன். "காரணம்: அச்சம். பரிசீலனைக் குழுவுக்கு அனுப்பலாம்."

அச்சமா? யாருக்குடா அச்சம்? அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. நேராக அறைக்குப் போய் டப்பாவை எடுத்துக்கொண்டு டாக்டர் முன்னால் வைத்தேன். வீரம் ஒன்றும் இல்லை, ரோஷம்தான்.

டாக்டர் கண்ணாடியை ஏற்றி லேபிளை இரண்டு முறை படித்தார். "எது எவ்வளவுன்னு எனக்கே தெரியலை. உனக்குத் தெரிஞ்சுதான் குடிச்சியாப்பா?" என்றார். அப்புறம் குரல் உயராமல் ஒவ்வொன்றாகக் கேட்டார்: எத்தனை கரண்டி, எத்தனை நாள், காபி எத்தனை, தண்ணீர் எவ்வளவு, தூக்கம். தண்ணீர் நாளுக்கு ஒரு பாட்டில்கூட இல்லை என்றேன். "உடம்பு வத்திக் கெடக்கறப்போ மேல போய் வேகமாத் திரும்பியிருந்தா கண்ணு இருட்டியிருக்கும்" என்றார். ஏழு நாள் பறக்கக் கூடாது. இனி எதுவானாலும் முதலில் அவரிடம் காட்ட வேண்டும். அளவு போடாத டப்பாவைத் தொடவே கூடாது. பறப்பு இருக்கிற வாரத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

பொய் எழுதிய தாள்களுக்கு எழுத்தில் விளக்கம், ஒரு மாதம் வெளியே போக அனுமதி இல்லை. சார்தான் அதிகம் நொந்துபோனார். "ஒரு வாரமா உன் பயத்தத் தெளிய வைக்க நான் மண்டையப் போட்டு ஒடச்சுக்கிட்டிருக்கேன். கடைசியில டப்பாவா?"

மார்ச் 19, புதன்

உண்மையைச் சொன்னதற்கு ஏழு நாள். வாயைத் திறக்காதவர்கள் எல்லாம் மேலே. இது என்ன நியாயம்? மண்டைவலி. ஒட்டகம் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துவிட்டுப் போனான்.

மார்ச் 21, வெள்ளி

மண்டைவலி போய்விட்டது. அக்கா பேசினாள். அத்தான் அந்தச் சிங்கத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டாராம், என்னிடம் பேசத்தான் கூச்சமாம். எனக்கும்தான்.

மார்ச் 24, திங்கள்

நாடி எழுபத்திரண்டு. சிஸ்டர் கருவியை ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். எழுபத்திரண்டேதான்.

பறக்க அனுமதி. கால் சோதனையை மறுபடி எடுக்கச் சொன்னார்கள், பவுடர் போட்டுத் தேறியது செல்லாது என்று. பத்து. பத்தாவதில் சத்தம் போட்டேன், ஆனால் எழுந்தேன்.

டாக்டர் அறை வாசலில் எங்கள் பேட்ச் ஆட்கள் மூன்று பேர். மூன்று பேர் கக்கத்திலும் துண்டு சுற்றிய டப்பா. மேசை தட்டியவர்கள்தான். யாரும் என்னை டமாரம் என்று கூப்பிடவில்லை.

மார்ச் 27, வியாழன்

சாருடன் நாலாவது நாள். இறங்கும்போது "நாளைக்கு நான் வரலை" என்றார். அப்படியென்றால் நாளைக்கு சோலோ. சாப்பிட முடியவில்லை.

மார்ச் 28, வெள்ளி

காலையில் எதுவும் கலக்கிக் குடிக்கவில்லை. தாளில் 'இல்லை' என்று எழுதினேன், கை கூசவில்லை.

நாடி தொண்ணூற்றெட்டு.

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் சார் பதிவேட்டோடு நின்றுகொண்டிருந்தார். "திரும்பவும் பவுடரா?" என்றார் சிஸ்டர்.

"இல்ல சிஸ்டர். பயம்."

சிஸ்டர் சாரைப் பார்த்தார். சார் பேனாவை எடுத்து ஏதோ எழுதிவிட்டு, "சரி, கிளம்பு" என்றார்.

பக்கெட்டை ஒட்டகம் நிரப்பி வழிய வைத்திருந்தான், பழி தீர்த்துவிட்டான். தலையை இன்னும் துவட்டவில்லை. எழுத எழுதப் பக்கம் நனைகிறது.