இருபது ஆட்டம்

1946 ஜூன் 12, புதன்

விடிந்ததிலிருந்து அனல் காற்று. ஊரைச் சுற்றின மூன்று மலையும் புழுதிக்குள். மண்டியில் வேலை இல்லை. மல்லாட்டைக் கடலை வரத்து நின்று மூன்று வாரம். கிழிந்த சாக்கு தைக்க ஆள் சொல்லியிருந்தேன், வரவில்லை.

பதினொரு மணி திண்டிவனம் பஸ்ஸில் பேப்பர். இண்டர்மீடியட் ரிசல்ட். சரோஜா நம்பர் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தேன். முன் நம்பர் இருக்கிறது, பின் நம்பர் இருக்கிறது.

வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவள் பேப்பரை வாங்கவில்லை. "நீங்க வர்ற நடையிலயே தெரிஞ்சிது நைனா" என்றாள். உள்ளே போய் உரலண்டை உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு வருஷம் மதராஸ் ஹாஸ்டல். எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டுப் பெண்ணும் போகவில்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பி.எஸ்ஸி. வரைக்கும் போய் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிற உத்தியோகம் பார்க்கணும் என்று அவளுக்கு ஆசை. எனக்கும் இருந்தது. வெளியில் சொன்னதில்லை.

மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு காரணம் என்று சொல்லிவைத்தேன்.

ஜூன் 14, வெள்ளி

சந்தை நாள். கூட்டம் சுமார். ரேஷனுக்கு அப்புறம் தானியம் சந்தைக்கு வருவதே குறைவு.

அவலூர்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் வந்தார். விசாரிக்க வந்த மாதிரி. உண்மையில் மகனுக்குப் பெண் கேட்க. பையன் நல்லவன், கடையைப் பார்த்துக்கொள்கிறான். வீட்டில் என் சம்சாரத்துக்கு முகமெல்லாம் விளக்கு.

நான் சொன்னது: செப்டம்பரில் ஒரு பரீட்சை இருக்கிறது. அதில் தேறினால் மேலே படிக்கட்டும். தவறினால் தை மாதம் கல்யாணம். அவர் ஒப்புக்கொண்டார். வாக்குக் கொடுத்தாயிற்று.

அவர் போன பிறகு சரோஜாவிடம் சொன்னேன். "ஒரே தரம்னா ஒரே தரம்தான். சரி நைனா." பேரம் இல்லை, அழுகை இல்லை. வியாபாரத்தில் இவ்வளவு சீக்கிரம் "சரி" கேட்டால் எனக்குச் சந்தேகம் வரும். இது வேறு.

ஜூலை 9, செவ்வாய்

மேகம் வந்து வந்து போகிறது. தூறல் இல்லை.

மார்க்குத் தபால். இங்கிலீஷ், கணக்கு, ரசாயனம் தேறியிருக்கிறாள். பௌதிகம் எழுத்தில் நல்ல மார்க்கு. செய்முறையில் விழுந்திருக்கிறாள். செப்டம்பரில் பௌதிகம் மட்டும் எழுதினால் போதும்.

என்ன செய்முறை என்று கேட்டேன். சொன்னாள். நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டு ஆட்டுவது. இருபது ஆட்டத்துக்கு எத்தனை செகண்டு என்று பார்த்து, கணக்குப் போட்டால் பூமி இழுக்கிற இழுப்பு தெரியும். எல்லா ஊரிலும் ஏறக்குறைய 980 வரணும். இவளுக்கு 1086.

காலேஜில் இரண்டு இரண்டு பேராக நின்று செய்வார்களாம். ஒருத்தி எண்ணுவாள், ஒருத்தி கடிகாரம் பார்ப்பாள். இவள் எப்போதும் கடிகாரம். பரீட்சையில் இரண்டையும் தானே செய்யணும்.

980 என்று முன்னமே தெரியுமா? தெரியும். பக்கத்து மேஜைக்காரி என்ன செய்தாள்? அவளுக்கும் சரியாக வரவில்லை, செகண்டைத் திருத்தி 981 ஆக்கிவிட்டாள். தேறிவிட்டாள்.

எனக்குக் கோபம். நீயும் அப்படி எழுதித் தொலைக்க வேண்டியதுதானே என்றேன்.

"வந்தத எழுதினேன் நைனா."

முட்டாள் என்று திட்டிவிட்டேன். கடைக்கு வந்து பூட்டைத் திறந்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

முதல் மழை. நல்ல மழை. மல்லாட்டை விதைக்க ஏர் பூட்டுவார்கள் நாளைக்கு.

சரோஜா கிடங்கைக் கேட்டாள். சரக்கு இல்லாமல் காலியாகத்தானே இருக்கிறது, கதவைச் சாத்தினால் காற்றும் இல்லை. தேவை என்று ஒரு சீட்டு கொடுத்தாள்:

முறுக்கேறாத நூல்
உருண்டையாக ஒரு குண்டு
செகண்டு முள் உள்ள கடிகாரம்
சுண்ணாம்புக் கட்டி

நூல் கடையில். குண்டுக்குக் கொத்தனாரிடம் தூக்குக்குண்டு இரவல். கடிகாரம் என் சட்டைப்பை கடிகாரம். உத்தரத்தில் ஆணி நானே ஏறி அடித்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஜூலை 22, திங்கள்

காலை முழுக்கக் கிடங்கில். கணக்கெழுதுகிற மாதிரி உட்கார்ந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தரையில் சுண்ணாம்புக் கோடு. குண்டைச் சற்று இழுத்து விடுகிறாள். நாலு ஆட்டம் சும்மா விட்டுவிட்டு, குண்டு கோட்டைத் தாண்டுகிறபோது கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பிக்கிறாள். "லாபம்... ரெண்டு... மூணு..." ஒன்று என்று சொல்லவில்லை. எந்த மண்டியிலும் முதல் அளவுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம்தான். இண்டர்மீடியட் படித்தும் வாய் மாறவில்லை. சந்தோஷமாக இருந்தது எனக்கு.

முதல் தரம் 1086. அப்புறம் 1084. அப்புறம் 1088. நூலை நீட்டினாள், குறைத்தாள். அதே.

அளவு தப்பினால் முதலில் தராசைப் பார்ப்பேன், அப்புறம் கல்லை, கடைசியில் ஆளை. கடிகாரத்தைத் தபால் ஆபீஸ் கடிகாரத்தோடு மூன்று மணி நேரம் ஒத்துப் பார்த்தேன். சரி. அவள் அடிக்கோலை உள்ளூர் ஜவுளிக்கடைக் கோலோடு வைத்துப் பார்த்தேன். சரி.

"எனக்குக் கையே வராது நைனா. புஸ்தகம்தான் வரும்." கை விரலையே பார்த்துக்கொண்டு சொன்னாள். தை மாதத்துக்கு மனசைத் தயார் செய்கிற குரல்.

எனக்கு அது ஒப்பவில்லை. கை நடுங்கினால் ஒரு தரம் கூடும், ஒரு தரம் குறையும். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது நடுக்கம் இல்லை. யாரோ சாய்க்கிறார்கள்.

ஜூலை 23, செவ்வாய்

தூறல். கிடங்கு மூலையில் அஞ்சலை விதை மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷமாக என்னிடம் வேலை. புடைப்பாள், அளப்பாள், அதிகம் பேச மாட்டாள்.

சரோஜா மறுபடி ஆரம்பித்தாள். குண்டு கோட்டைத் தாண்டியது. "லாபம்" என்றாள்.

அஞ்சலை முறத்தை நிறுத்தினாள். "இன்னா பாப்பா, குண்டு இன்னும் போயி திரும்பவே இல்ல. அதுக்குள்ள லாபம்ன்ற. கம்பு கூடைல உழுந்தாத்தான லாபம்?"

சரோஜா எண்ணுவதை நிறுத்தினாள். குண்டு தானாக ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அதைப் பிடித்து நிறுத்தி, மறுபடி விட்டாள். கோட்டைத் தாண்டும்போது வாயை மூடிக்கொண்டாள். போய்த் திரும்பி வந்த பிறகுதான் லாபம். இருபது வரைக்கும். செகண்டு இரண்டு கூடியது. சாக்கின் மேலேயே காகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டாள். 979.

மூன்று தரம் செய்தாள். 979, 981, 978.

இத்தனை நாளும் பத்தொன்பது ஆட்டத்தை இருபது என்று எண்ணியிருக்கிறாள். சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர். "எங்க கத்துக்கினேன் இந்த எண்ணிக்கைய?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். ஒரு தரம்தான். அப்புறம் முறம்.

எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதிவிடுகிறேன், வேறு எங்கும் எழுத முடியாது.

கடை வருவதற்கு முன் வெள்ளிச் சந்தையில் கம்பும் கேழ்வரகும் விற்றேன். குவியலுக்குள் படியை விடும்போதே "லாபம், லாபம்" என்று பாட ஆரம்பிப்பேன். முதல் படி கூடையில் விழும்போது பாட்டு "ரெண்டு" என்று வந்திருக்கும். வாங்குகிறவர்கள் பாட்டைக் கேட்பார்கள், கையைப் பார்க்க மாட்டார்கள். பத்துக்கு ஒரு படி எனக்கு. நான் முன்பு கூலிக்கு நின்ற முதலாளி காட்டிக்கொடுத்தது. கடை வைத்த பிறகு விட்டுவிட்டேன். நல்லவனாகி விடவில்லை. தேவைப்படவில்லை.

சரோஜாவுக்கு அப்போது நாலு வயது, ஐந்து வயது. மூட்டை மேல் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து பாடுவாள். எண்ணக் கற்றதே அப்படித்தான்.

ஜூலை 25, வியாழன்

வெயில். சாக்கு தைக்கிறவன் இன்றைக்குத்தான் வந்தான்.

அஞ்சலை தனியாக இருந்தபோது கேட்டேன், உனக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று. எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை.

"எங்கம்மா பத்துப் படி கம்பு வாங்கினு வந்து ஊட்ல அளந்தா ஒம்போது. மறு வாரமும் ஒம்போது. மூணாம் வாரம் நானு கூட வந்து உங்க வாயப் பாக்காம கையப் பாத்தேன்."

ஏன் கேட்கவில்லை?

"கேட்டா அடுத்த வாரம் யாரு கம்பு குடுப்பாங்க மொதலாளி? மத்தவங்க மட்டும் இன்னா, ரெண்டு படி தின்னாங்க. நீங்க ஒண்ணு."

உன் அம்மாவுக்கு அதைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். சொன்ன உடனே அசட்டுத்தனம் தெரிந்தது.

"அது செத்து ஆறு வருசம் ஆவுது."

முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து போனாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சந்தையை விட்டுவிட்டு அவலூர்பேட்டை போனேன். கரி வாயுவில் ஓடுகிற பஸ், வழியில் இரண்டு தரம் நிறுத்திக் கரி கிளறினார்கள்.

வாக்கைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று ஜவுளிக்கடைக்காரரிடம் சொன்னேன். செப்டம்பரில் தேறினாலும் தவறினாலும் பெண் படிக்கட்டும். அவருக்குப் புரியவில்லை. "பரீட்சையே இன்னும் எழுதல. அதுக்குள்ள இன்னா ஆச்சு?"

பழுது சரக்கில் இல்லை, அளந்தவன் கையில், அதற்குச் சரக்கைக் கழிக்கக்கூடாது என்றேன். இன்னும் புரியவில்லை. அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "உங்க வாக்கு கல்லுல எழுதினதுன்னு ஊர்ல சொல்லுவாங்க. அதான் நம்பினேன்" என்றார். கடைப் பையன்கள் எதிரில்தான். காப்பி வந்திருந்தது. குடிக்கவில்லை, அவரும் குடி என்று சொல்லவில்லை.

வாக்கு மாறியது இது முதல் தரம். முதல் தரம் என்று எழுதும்போதே கை நிற்கிறது. சந்தையில் வாரா வாரம் மாறியது எந்தக் கணக்கில்?

வீட்டில் சம்சாரம் சமைத்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். சரோஜா ஏன் நைனா என்று கேட்டாள். மழை வருது, வெளியில் இருக்கிற சாக்கை எடுத்துப் போடு என்றேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

விடியற்காலை நல்ல மழை, ஏழு மணிக்கு விட்டது. திண்டிவனம் வரைக்கும் கூடப் போய் ரயிலேற்றினேன். பெட்டி, படுக்கை, பொரிவிளங்காய் உருண்டை ஒரு டின்.

தூக்குக்குண்டைக் கொத்தனாரிடம் கொடுத்துவிடச் சொன்னாள். ஜன்னலோரம் உட்கார்ந்து விரலால் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். என்ன என்றேன். "கோட்டத் தாண்டும்போது சைபர்னு சொல்லிப் பழகுறேன் நைனா. சும்மா இருந்தா பயத்துல லாபம் வந்துடும்."

சைபர் என்று வாய்திறந்து ஓர் எண்ணிக்கையைத் தொடங்குவதா? எங்கள் தொழிலில் அடித்துத் துரத்துவார்கள். சொல்லு, சொல்லு என்றேன்.

சந்தைப் பாட்டு விஷயத்தை அப்போது சொல்லியிருக்கலாம். வண்டி நகர ஐந்து நிமிஷம் இருந்தது. பெட்டியை இழுத்துப் போடு, தண்ணீர் பிடித்துக்கொள், தெரியாதவர்களிடம் தின்பண்டம் வாங்காதே. ஐந்து நிமிஷமும் இப்படியே.

செப்டம்பர் 19, வியாழன்

சரோஜா கார்டு. அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

"நைனாவுக்கு நமஸ்காரம். செய்முறை முடிந்தது. சீட்டு எடுத்ததில் எனக்கு மறுபடியும் குண்டுதான் வந்தது. சைபர் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். 977. வந்ததை எழுதினேன். எழுத்துப் பரீட்சையும் நன்றாக எழுதியிருக்கிறேன். இந்தத் தரம் தேறுவேன் என்று தைரியமாகச் சொல்வேன்.

"ஒன்று கேட்க வேண்டும். குண்டை விடும்போது சந்தை ஞாபகம் வந்தது. மூட்டை மேல் உட்கார்ந்து உங்களோடு பாடுவேனே. லாபம் என்று நாம் பாடும்போது படி குவியலுக்குள் இருக்கும், கூடைக்கு மேலே இருக்காது. எனக்கு அப்படித்தான் ஞாபகம். சரிதானா? அம்மாவுக்கு என் அன்பு."

வீட்டில் சம்சாரத்துக்கு முதல் பாதியைப் படித்துக் காட்டினேன். அன்பையும் சொன்னேன். நடுவில் இருந்ததைப் படிக்கவில்லை.

செப்டம்பர் 21, சனி

காலையிலிருந்து மப்பு. புது மல்லாட்டை பூ விட்டிருக்கிறதாம், மழை இன்னும் இரண்டு வேண்டும்.

பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று கார்டு வீண். முதலில் எழுதியது: அது பஞ்ச காலம். அடுத்தது: சந்தையில் எல்லோரும் செய்தார்கள், நான்தான் குறைவு. மூன்றாவது: உனக்குப் பால் வாங்க வேண்டியிருந்தது. மூன்றும் நிஜம். மூன்றையும் அவள் கேட்கவில்லை. சரிதானா என்று கேட்டிருக்கிறாள்.

நாலாவது கார்டில் "சரிதான்" என்று எழுதினேன். கீழே கையெழுத்து. மீதி இடம் வெறுமை.

தபால் மூட்டை கட்டுவதற்குள் போட்டாயிற்று.